காலித் தாளில் ஃபிராங்க்ளின் கையெழுத்து

ஃபிராங்க்ளின் பதினேழு வருடமாக மெயின்டனன்ஸ் எலக்ட்ரீசியன். வில்லியனூருக்கு மேற்கே மருந்து பாட்டில் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. மெஷின் ஓடும்போது அவர் இருக்கிறாரா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. மெஷின் நின்றுவிட்டால் வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரை அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடுவார்கள். பேனலைத் திறக்கும் முன்பே வாசனையை வைத்து, எரிந்தது ஹீட்டரா மோட்டார் காயிலா என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இத்தனைக்கும் அவர் கான்ட்ராக்ட் ஆள். கம்பெனி அடையாள அட்டையில் அவர் பெயருக்குக் கீழே இன்றுவரை 'உதவியாளர்' என்றுதான் இருந்தது.

அந்த வியாழக்கிழமை அது மாறுவதாக இருந்தது. நிரந்தர மெயின்டனன்ஸ் எலக்ட்ரீசியன் ஒருவரை எடுக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவு தேர்ச்சி, ஒரு வருட அப்ரென்டிஸ், சூப்பர்வைசர் லைசென்ஸ், ஐந்து வருட அனுபவம், வயது நாற்பத்தைந்துக்குள். ஃபிராங்க்ளினிடம் எல்லாம் இருந்தது. நாற்பத்தைந்து முடிய இன்னும் இருபத்தாறு நாளும் இருந்தது.

"எல்லாம் சரியா இருக்குது சார். லைசென்ஸ் மட்டும் ஜெராக்ஸா வச்சிருக்கீங்க," என்றாள் ஆபீஸில் ஆள் எடுக்கும் வேலையைப் பார்க்கும் அர்ச்சனா. "நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள ஒரிஜினல் காட்டிடுங்க. சென்னையிலேர்ந்து ஆடிட்டுக்கு வர்றாங்க. அவங்க ஒரிஜினல கையில வாங்கிப் பாக்காம விடமாட்டாங்க."

"கொண்டாந்துர்றேன் மேடம்."

சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஒரிஜினல் அவரிடம் இல்லை. ஒன்பது வருடமாக இல்லை.

அது செல்லப்பனிடம் இருந்தது. செல்லப்பன் வில்லியனூரில் வயரிங் கான்ட்ராக்டர். வீடு, கடை, கழனி மோட்டார் என்று எங்கே புது இணைப்பு வேண்டுமென்றாலும், லைசென்ஸ் உள்ள ஒரு சூப்பர்வைசர் போய்ச் சோதித்து டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வதற்குப் பதில், ஒருவரின் லைசென்ஸ் புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வது அந்தத் தொழிலில் இருந்த பழக்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் செல்லப்பன் ஒரு கவர் கொடுப்பார். ஃபிராங்க்ளின் பதிலுக்கு இருபது காலி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். இடத்தைப் பார்த்து, எர்த் இருக்கிறதா என்று சோதித்து, அளவை எழுதியபிறகு போட வேண்டிய கையெழுத்து அது. டீ ஆறுவதற்குள் இருபதும் முடிந்துவிடும். அவருக்குத் தெரிந்து லைசென்ஸ் வைத்திருந்த எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அதனால் அது தப்பு என்று அவருக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மொபெட்டை எடுத்துக்கொண்டு வில்லியனூருக்குப் போனார்.

"உன்னத்தான் நெனச்சிகினு இருந்தேன். நீயே வந்துட்ட," என்றார் செல்லப்பன். முகத்தில் சிரிப்பு இல்லை. "ஒக்காரு."

"புத்தகம் வேணும்ண்ணா. நாளைக்குக் காட்டணும். பர்மனென்ட் பண்றாங்க."

"குடுத்துர்றேன். அதுக்கு முன்ன ஒரு வேல இருக்குது."

விஷயத்தை அவர் மெதுவாகச் சொன்னார். ஏம்பலம் பக்கம் ராமு என்ற விவசாயி. பத்து நாளைக்கு முன் மோட்டார் கொட்டகையில் ஷாக் அடித்துச் செத்துப்போனார். மோட்டாருக்கு இணைப்பு வாங்கிக் கொடுத்தது செல்லப்பன். ரிப்போர்ட்டில் எர்த் நன்றாக இருப்பதாக எழுதி, கீழே ஃபிராங்க்ளின் கையெழுத்து.

"எர்த் இருந்துச்சா?"

"இருந்தா நான் ஏன் உன்ன ஒக்கார வச்சிப் பேசறேன்?"

ஃபிராங்க்ளின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மோட்டாரின் உடம்பில் மின்சாரம் கசிந்தால், அதை மனிதன் தொடுவதற்கு முன்பே மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போகிற ஒரே வழி எர்த். அப்ரென்டிஸாகச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது.

"நாளைக்குப் பத்து மணிக்கு மின்துறை ஆய்வாளர் வர்றாரு," என்றார் செல்லப்பன். "எங்க ஆளுங்க மூஞ்சி அந்த ஊருக்குத் தெரியும். உன் மூஞ்சி தெரியாது. வெள்ளென போயி ஒரு பைப்ப எறக்கி, உப்பு கரி போட்டு மூடி, வயரு குடுத்துடு. ஆய்வாளர் வந்ததும், 'நான்தான் சோதிச்சேன், அப்ப எல்லாம் சரியா இருந்துச்சு'ன்னு ஒரு வாக்குமூலம். செத்த ஆளு கழனிக்கு வந்தாலே குடிச்சிட்டுத்தான் வருவாருன்னு எழுத வச்சிக்கலாம், அத நான் பாத்துக்கறேன். பதினோரு மணிக்குப் புத்தகம் உன் கையில. பன்னெண்டுக்குள்ள கம்பெனிக்குப் போயிடலாம்."

"மாட்டேன்னா?"

"மாட்டேன்னு சொல்லேன். கையெழுத்து யாருதுப்பா, என்னுதா? லைசென்ஸும் போகும், கேஸும் வரும். உன் பேருலதான் வரும்."

சாயங்காலம் அரியூரில் வீட்டுக்குப் போய் மனைவி ஆனி மேரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் தையல் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து கால் வீங்கி உட்கார்ந்திருந்தாள். கேட்டு முடித்துவிட்டு அழவில்லை, திட்டவும் இல்லை.

"ஒம்போது வருசமா கவர எங்கிட்டதான் குடுத்த. இது எதுக்குக் குடுக்கறாங்கன்னு நானும் ஒரு நாளு கேக்கல," என்றாள். "போட்டுக் குடுத்துட்டு வந்துரு. செத்தவரு திரும்பி வரப்போறதில்ல."

"அவரு பொண்டாட்டி இருக்குதாம்."

"நானும் இருக்கறேன்."



வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஃபிராங்க்ளின் அந்தக் கழனியில் இருந்தார். மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்த ஜி.ஐ. பைப், ஒரு மூட்டை உப்பு, ஒரு மூட்டை கரி, கடப்பாரை. சுற்றிலும் நெல் பால் பிடிக்கும் பருவத்தில் நின்றது. மண்ணில் ஈரம் குறைந்து, அங்கங்கே வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது.

முதலில் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தார். மோட்டாரில் பச்சை வயர் ஒழுங்காக முறுக்கப்பட்டிருந்தது. சுவரில் ஓட்டை போட்டு வெளியே எடுத்திருந்தார்கள். 'இருக்கிறதே' என்று ஒரு கணம் உயிர் வந்தது. வெளியே சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். வயர் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது. அவ்வளவுதான். பைப் இல்லை, குழி இல்லை. உள்ளே நின்று பார்ப்பவன் கண்ணுக்கு எர்த் இருக்கும், மண்ணுக்கு இல்லை. குழி தோண்ட ஒருநாள் கூலி ஆகும் என்பதற்காக விட்டிருப்பார்கள்.

அந்த வயருக்கு நேர்கீழே கடப்பாரையைப் போட்டார். இரண்டடி தோண்டியிருப்பார்.

"கரண்டு ஆபீசா தம்பி?"

திரும்பினார். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். காலில் ரப்பர் செருப்பு, கையில் காய்ந்த சவுக்குக் குச்சி. ராமுவின் மனைவி ஆண்டாள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஆமாங்க்கா" என்று வாய் சொல்லிவிட்டது.

"பத்து மணிக்குன்னாங்க. சரி, நீ உன் வேலையப் பாரு. நான் மோட்டாரப் போட்டுட்டுப் போறேன்."

"மோட்டார் ஓடுதா?"

"ஓட்டாம? நெல்லு கெடக்குற கெடையப் பாரு. இந்தக் குச்சியாலதான் பட்டனத் தள்ளுவேன். கைய வைக்க மாட்டேன். அவரு கைய வச்சிதான் போனாரு. தொவட்டக்கூட இல்ல, ஈரக் கையி." குச்சியை நீட்டிக்கொண்டு கொட்டகைப் படியில் கால் வைத்தாள். படியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

ஃபிராங்க்ளின் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். "வேணாங்க்கா. உள்ள போவாத."

"பத்து நாளா போட்டுகினுதான் இருக்கறேன்."

"பத்து நாளா தப்பிச்சிருக்கற."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஃபிராங்க்ளின் உள்ளே போய் மெயினை இறக்கி, மூன்று ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேலை செய்யும் இடத்தில் வேறொருவன் சுவிட்சைப் போட்டுவிடாமல் இருக்க, எந்த எலக்ட்ரீசியனும் செய்கிற காரியம். கை தானாகச் செய்தது.

"எங்க வூட்டுக்காரரு குடிச்சிருந்தாருன்னு எழுதப்போறாங்களாம்," என்றாள் ஆண்டாள், அவர் வெளியே வந்ததும். "பொங்கலுக்குக்கூட ஒரு சொட்டு வாயில வச்சது கெடையாது. ஒண்ணு கேக்கறேன், படிச்ச புள்ள நீ சொல்லு. அந்த எர்த்துன்னு சொல்றாங்களே, அது இருந்தா பொழச்சிருப்பாரா?"

"பொழச்சிருப்பாரு."

"இருந்துச்சுன்னு எவனோ கையெழுத்துப் போட்டிருக்கானாம். அவன் இந்தக் கழனிக்கு வந்து பாத்தானா?"

"வரல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

ஃபிராங்க்ளின் கணக்குப் போட்டுப் பார்த்தார். பைப்பை இறக்கி மூடிவிட்டால் இந்தப் பெண் இனிமேல் சாக மாட்டாள். ஆனால் ராமு குடித்துச் செத்தவராகிவிடுவார், இவளுக்கு நஷ்ட ஈடு கிடைக்காது. மூடாமல் விட்டால் ஃபிராங்க்ளின் கதை முடிந்தது. இன்னும் இருபத்தைந்து நாளில் வயதும் தாண்டிவிடும், கம்பெனிக் கதவும் மூடிவிடும்.

"அந்தக் கையெழுத்து என்னுதுதாங்க்கா," என்றார்.

ஆண்டாள் கத்தவில்லை. குழியைப் பார்த்தாள். வரப்பில் கிடந்த பைப்பைப் பார்த்தாள். உப்பு மூட்டையைப் பார்த்தாள்.

"அப்போ இப்ப எதுக்குக் குழி தோண்டிகினு இருக்கற?"

அவர் கடப்பாரையை எடுத்து வரப்பில் தள்ளிப் போட்டார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. மொபெட் நின்ற இடத்துக்குப் போய், அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆபீசர் வர்ற வரைக்கும் நீ எங்கியும் போவாத."

"போவல."

"போனா ஊரக் கூப்பிடுவேன்."

"போவலக்கா. தொங்கற வயரத் தொடாம வச்சிருக்கறேன். அவரு கண்ணால பாக்கட்டும்."

மூன்று மணி நேரம் அப்படியே கழிந்தது. வெயில் ஏற ஏற, வரப்போரத்துப் பயிர் துவண்டது. நடுவில் அவள் ஒரு முறை மட்டும் பேசினாள். "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டு, அவர் வேண்டாம் என்றதும், "குடிக்காத" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பத்து மணிக்கு செல்லப்பன் காரில் வந்தார். பின்னாலேயே ஆய்வாளர் அரிகரனின் ஜீப். அரைகுறைக் குழியையும் தொங்கும் வயரையும் பார்த்தவுடன் செல்லப்பன் முகம் வெளிறியது. ஃபிராங்க்ளின் அருகில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? புத்தகம் என் பையில இருக்குதுடா. பொண்டாட்டிய நெனச்சிப் பாரு."

"நெனச்சிட்டேன்ண்ணா."

ஃபிராங்க்ளின் அரிகரனிடம் போனார். "சார், ரிப்போர்ட்டுல இருக்கற கையெழுத்து என்னுது. நான் இந்த எடத்துக்கு இன்னைக்குத்தான் வர்றேன். காலித் தாள்ல போட்டுக் குடுத்தேன். இந்தக் குழி காலையில நான் தோண்டுனது, எர்த் இருந்த மாதிரி காட்றதுக்கு."

அரிகரன் எழுதுவதை நிறுத்தினார். "தெரிஞ்சே போட்டீங்களா?"

"தெரிஞ்சேதான் சார்."

"இந்த மாதிரி இன்னும் எத்தன எடத்துல?"

வருடத்துக்கு இருபது, ஒன்பது வருடம். ஃபிராங்க்ளின் மனதுக்குள் பெருக்கினார்.  "நூத்தி எண்பது தாள் இருக்கும் சார். எங்கங்கன்னு எனக்குத் தெரியாது. அவருகிட்ட லிஸ்ட் இருக்கும்."

அரிகரன் செல்லப்பனைப் பார்த்துக் கையை நீட்டினார். செல்லப்பன் பையிலிருந்து லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஃபிராங்க்ளின் அதைப் பார்த்தார். உள்ளே ஒட்டியிருந்த படத்தில் மீசை கறுப்பாக இருந்தது. அரிகரன் அதைக் கோப்புக்குள் வைத்து மூடினார். பிறகு வயரைப் படம் பிடித்தார், வாக்குமூலம் எழுதி வாங்கினார், ஃபியூஸ் கட்டைகளை வாங்கிக்கொண்டு மெயின் பெட்டிக்கு சீல் வைத்தார்.

"சார், பைப்பு, உப்பு, கரி எல்லாம் இருக்குது," என்றார் ஃபிராங்க்ளின். "நீங்க பாத்தாச்சு, படமும் எடுத்தாச்சு. ஒரு மணி நேரம் குடுத்தீங்கன்னா எர்த் போட்டுர்றேன். பயிருக்குத் தண்ணி வேணும்."

"நீங்க இனிமே இதத் தொடக் கூடாது. விசாரண முடியற வரைக்கும் உங்க லைசென்ஸ் சஸ்பெண்ட். லைசென்ஸ் இருக்கற வேற ஆளு போட்டு, ரிப்போர்ட் குடுத்தாத்தான் சீல் பிரிக்க முடியும். ஆபீஸ்ல எழுதிக் குடுங்கம்மா, நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்குச் சனிக்கிழம," என்றாள் ஆண்டாள்.

"அப்ப திங்கக்கிழம."

ஜீப் போனது. செல்லப்பனின் காரும் அதன் பின்னாலேயே போனது. பதினொன்றரைக்கு அர்ச்சனா போன் செய்தாள். "சார், வந்துகினு இருக்கீங்களா? ஆடிட்டுக்காரங்க வந்துட்டாங்க." வரவில்லை என்றார். ஏன் என்று கேட்டாள். லைசென்ஸ் இல்லை என்றார். "சரி சார்" என்று வைத்துவிட்டாள்.

ஆண்டாள் வரப்பில் நின்று பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழம வரைக்கும் தாங்காது," என்றாள். அவரைக் குற்றம் சொல்வதுபோல இல்லை, கணக்குச் சொல்வதுபோல இருந்தது.

"பக்கத்துல யாரு மோட்டாரு இருக்குதுக்கா?"

"புகழ்வேந்தன் வூட்டுது. அவங்களுக்கும் எங்களுக்கும் வரப்புத் தகராறு. நாலு வருசமா பேச்சு இல்ல. சாவுக்குக்கூட வரல."

"ஓஸு பைப்பு போட்டு இங்க வரைக்கும் இழுத்துடலாம். நான் போயிக் கேக்கறேன்."

ஆண்டாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னான்னு சொல்லிக் கேப்ப? நீ எங்களுக்கு யாரு?"

 ஃபிராங்க்ளின் வரப்பில் ஏறி, அவள் கைகாட்டாத புகழ்வேந்தன் வீட்டைத் தேடிக்கொண்டு நடந்தார்.