ஷமீமா கட்டிய தாடைக்கட்டு

போன வருஷம் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஷமீமா கொலைகாரி. இறால் எடை போட்டு முடிவதற்குள் தீர்ப்பே சொல்லிவிடுவார்கள். "மாமனார் கழுத்த நெரிச்சவ மேல தையல் கடையிலதான் இருந்தாளாம் லா" என்று ஒருத்தி சொன்னாள். "அவ மூஞ்சியப் பாத்தாலே தெரியுமே" என்றாள் இன்னொருத்தி. நான் பின்னால்தான் நின்றேன். "என்னம்மா தெரியும்? தீபாவளிக்கு உன் ரவிக்கைய அவகிட்டதானே தைச்ச, அப்ப தெரியலையா?" என்று கேட்டேன். மீன் பையைக்கூட மறந்துவிட்டு ஓடினாள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

அந்தத் தையல் கடை என்னுடையது. ஷமீமா என்னோடு பல வருஷமாக வேலை செய்கிறவள். ரவிக்கைக்குக் கை வைத்துத் தைப்பதில் கெட்டிக்காரி, வாய் அதைவிடக் கெட்டி. அளவு கொடுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே வைத்துக்கொள்ளும் வாடிக்கையாளர்களிடம், "மூச்ச விடுங்கக்கா, கல்யாணத்துல சாப்பிட வேணாமா?" என்பாள். திட்டிக்கொண்டே தைப்பாள், சிரித்துக்கொண்டே பிரிப்பாள்.

அவள் வீடு செங்காங்கில். புருஷன் இர்ஃபான் எண்ணெய்க் கப்பலில் வேலை. போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். பிள்ளை இல்லை. மாமனார் அப்துல் முத்தலிப்பை இவள்தான் பார்த்துக்கொண்டாள். அவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கூடவே பிடிவாதம். காலையில் மாத்திரை கொடுத்து, இடியாப்பம் அவித்து வைத்துவிட்டுத்தான் ரயில் ஏறுவாள். மத்தியானம் கடையிலிருந்து போன் போடுவாள். "மாமா, மாத்திரைய முழுங்குனீங்களா, சன்னல் வழியா எறிஞ்சீங்களா?" ஸ்பீக்கரில் அவர் சிரிப்பது எனக்கே கேட்கும். "நீ மருமகளா, ஜெயிலரா?" என்பார். இதைக் கேட்ட காதால்தான் அவள் அவரைக் கொன்றாள் என்பதையும் கேட்டேன்.

மூத்த மகன் அர்ஃபான் இரண்டு பிளாக் தள்ளித்தான் இருக்கிறார். வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசனையுமாகப் பெருநாளைக்கு வருவார், வாப்பாவின் கையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார், போய்விடுவார். ஆனால் அந்த வீட்டில் எது நடந்தாலும் முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும். குழாய் ஒழுகினாலும் அவருக்குத்தான் போன். அவர்கள் கீழக்கரைப் பக்கத்துக் குடும்பம். தம்பி இர்ஃபானும் தங்கை நஸீஹாவும் அண்ணனைக் காக்கா என்பார்கள். காக்கா சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை பெரியவர் குளியலறையில் விழுந்தார். ஷமீமா அடுப்படியிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. நெற்றியில் அடிபட்டுத் தரையெல்லாம் ரத்தம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்க வேண்டியவள், பழக்கம் விடவில்லை, காக்காவைக் கூப்பிட்டாள்.

அர்ஃபான் வந்தார். இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். "வாப்பா வாய் திறந்திருக்கு, கட்டு. சீக்கிரம் கட்டு" என்று அவசரப்படுத்தினார். இறந்தவரின் கண்ணை மூடி, வாய் திறந்தபடி விறைத்துவிடாமல் தாடையைத் தூக்கித் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டுவது அவர்களிடமும் உண்டு, எங்களிடமும் உண்டு. அகலத் துணியாக எடுக்க வேண்டும். அந்த அவசரத்தில் இவளுக்குத் தையல் கூடைதான் கண்ணில் பட்டது. ரவிக்கைக்கு உள்ளே கொடுக்கும் லைனிங் துணியில் ஒரு கீற்றைக் கிழித்துக் கட்டிவிட்டாள்.

பிறகு அர்ஃபான் சொன்னதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. "கீழ விழுந்தாருன்னு சொன்னா போலீஸ் வரும். மய்யித்த அறுப்பாங்க. இன்னிக்கு அடக்க முடியாது. தூக்கத்துல போயிட்டாருன்னு சொல்லு. நானும் அதான் சொல்லுவேன். போ, ரத்தத்தக் கழுவு."

கழுவினாள். பாவி, கழுவிவிட்டாள். மாமனாரின் உடம்பில் கத்தி படக்கூடாது என்ற ஒரே நினைப்பு அவளுக்கு.

இறப்புச் சான்றிதழ் கொடுக்க வந்த டாக்டர் நெற்றிக் காயத்தைப் பார்த்தார், கட்டை விலக்கிக் கழுத்தில் ஒரு கோட்டையும் பார்த்தார். "நான் கையெழுத்துப் போட முடியாது" என்று போலீசை அழைத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

போலீஸ் கேட்டதும் ஷமீமா, "தூக்கத்துல போயிட்டாங்க, மெத்தையிலதான் இருந்தாங்க" என்றாள். குளியலறை வடிகாலில் ரத்தம் கிடைத்தது. மறுபடி கேட்டார்கள். உடைந்துபோய் உண்மையைச் சொன்னாள். ஆனால் அதற்குள் அர்ஃபான் தன் பேச்சை மாற்றியிருந்தார். "நான் வந்தப்ப வாப்பா மெத்தையில கிடந்தாங்க. கழுத்துல துணி ஏற்கெனவே இருந்துச்சு. நான் எதையும் தொடல" என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டார். கழுத்தில் துணி! தாடையில் இருந்த துணியை அந்த மனிதர் நாக்காலேயே கழுத்துக்கு இறக்கிவிட்டார்.

ஷமீமா கைதானாள். போலீஸ் என் கடைக்கும் வந்து லைனிங் துணி உருளையை பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப்போனது. கல்யாணப் பெண் ஒருத்தி அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள். பாதியிலேயே போய்விட்டாள்.

இர்ஃபான் கப்பலிலிருந்து இறங்கி வந்ததும் நேராக அவனிடம் போனேன். "உன் பெண்டாட்டி மேல கொலைக் கேஸ். தூக்குல போடுற கேஸ்டா அது. நீ என்ன செய்யப் போற?" என்றேன். தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அக்கா, ஷமீமா ரெண்டு தடவ ரெண்டு மாதிரி சொல்லிருக்கா. காக்கா எதுக்குப் பொய் சொல்லணும்?"

செருப்பைக் கழற்றாமல் இருந்தது என் பெருந்தன்மை.

நான்தான் வக்கீல் வைத்தேன். சுரேந்தர் என்று பேர், வயது கம்மி, பேச்சு நேர். "ஆன்ட்டி, பிரச்சினை என்னன்னா, முதல் ஸ்டேட்மெண்ட்ல அவங்க பொய் சொல்லிட்டாங்க. ரத்தத்தயும் கழுவிட்டாங்க. இனிமே உண்மையச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க. கழுத்துல இருக்கற மார்க்க வெச்சு ஒரு டாக்டர் நெரிச்சதா இருக்கலாம்ங்கறார், இன்னொருத்தர் அந்த மார்க் செத்த பிறகு வந்ததுங்கறார். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கறாங்க. அவங்க கட்டுனப்ப பாத்த ஆள் யாராவது வேணும்."

"அங்க அவளும் அர்ஃபானும் மட்டும்தானே இருந்தாங்க?"

"அர்ஃபான் அந்த நேரத்துல தங்கச்சிக்கு வீடியோ கால் போட்டாராம், வாப்பா முகத்தக் காட்ட. போனை அலமாரி மேல சாய்ச்சு வெச்சிருந்தாராம். ஷமீமா அப்படித்தான் சொல்றாங்க. கால் வந்ததை நஸீஹா ஒத்துக்கறாங்க. ஆனா சுவரு மட்டும்தான் தெரிஞ்சுச்சுன்னு சொல்லிட்டாங்க."

சுவராம்! வாப்பா மவுத்தான சேதி வந்த பிறகு எந்த மகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்?

அன்று சாயங்காலமே கடையைச் சாத்திவிட்டு, நஸீஹா வீடு இருக்கும் பூன் லேக்கு ரயில் ஏறினேன். நஸீஹா கதவைத் திறந்ததும் முகம் வெளுத்துப்போனது. உள்ளே வரச் சொன்னாள். உட்காரவில்லை நான்.

"சுவரு என்ன கலர்ல இருந்துச்சும்மா?" என்றேன்.

"அக்கா..."

"சொல்லு. அவ்வளவு நேரம் சுவரத்தானே பாத்த?"

அழ ஆரம்பித்தாள். எனக்கு இரக்கம் வரவில்லை. "காக்காவ எதுத்து நான் எப்படிக்கா பேசுவேன்? வாப்பா போயிட்டாங்க. இனிமே எனக்குத் தாய்வீடுன்னா அவருதானே. எதாவது சொன்னா வாசப்படி மிதிக்காதன்னுட்டாரு."

"அப்ப சரி. ஷமீமா தூக்குல தொங்கட்டும். உனக்குத் தாய்வீடு இருக்கட்டும். ஒவ்வொரு பெருநாளைக்கும் போய் பிரியாணி சாப்பிட்டுட்டு வா."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா!"

"வேற எப்படிச் சொல்றது? உன் வாப்பாவுக்குக் காலுல புண்ணு வந்தப்ப மருந்து போட்டது யாரு? நீயா? உன் காக்காவா? நீங்க யாரும் பாத்துக்காத மனுஷன அவ பாத்தா. கடைசில வாயையும் அவதான் கட்டுனா. அதுக்குக் கூலி தூக்குக் கயிறா? மனசுல கைய வெச்சு சொல்லு நஸீஹா, நீ என்ன பாத்த?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் அசையவில்லை. கடைசியில் மெல்ல வந்தது.

"காக்காதான் வாப்பா தலைய தூக்கிப் பிடிச்சிருந்தாங்க. ஷமீமா மச்சி கட்டுனாங்க. துணி ஒல்லியா இருந்துச்சு, நிக்கல. மக்கா இருக்கற கிப்லா பக்கம் திருப்பிப் போட்டப்ப கழுத்துக்கு நழுவிருச்சு. காக்கா 'இழு, மேல இழு, இன்னும் இறுக்கு'ன்னாரு. மச்சி 'மாமாவுக்கு வலிக்கும் மச்சான்'னு அழுதாங்க. செத்த மனுஷனுக்கு வலிக்கும்னு அழுதாங்கக்கா."

அதற்குமேல் என்னாலும் நிற்க முடியவில்லை. அங்கேயே சோபாவில் உட்கார்ந்து இருவரும் அழுதோம்.

மறுநாள் நஸீஹா சுரேந்தரோடு போலீசுக்குப் போனாள். துணி நழுவியதையும் திரும்ப இழுத்ததையும் சொன்னாள். ஷமீமா அதைச் சொல்லியிருக்கவில்லை. அந்த அவசரத்தில் நடந்தது அவளுக்கு நினைவே இல்லை. கழுத்தில் இருந்த கோடு காதுப் பக்கமாக மேலே சாய்ந்து போனதற்கு அப்போதுதான் காரணம் கிடைத்தது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்து விழுந்திருக்கிறார், கோடு உயிர் போன பிறகு ஏற்பட்டது என்று இரண்டு டாக்டர்களும் கடைசியில் ஒத்துப்போனார்கள். அர்ஃபானையும் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "பதட்டத்துல சரியா ஞாபகம் இல்ல" என்றாராம். பொய் சொன்னதற்கு அவர் மேல் வழக்கு வந்தது, அபராதத்தோடு முடிந்தது. ஒரு பெண்ணின் உயிரோடு விளையாடியதற்கு அபராதம்!

ஷமீமா வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். செம்பவாங்கில் என் வீட்டில்தான் தங்கினாள். இர்ஃபான் கடைக்குக் கீழே வந்து நின்று போன் போட்டான். எடுத்து, "காக்காகிட்டக் கேட்டுட்டு வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள். பழையபடி தைத்தாள். ஆனால் வாடிக்கையாளரைக் கிண்டல் செய்வதில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு நின்றால் அப்படியே அளவெடுத்தாள்.

சில மாதம் கழித்து அர்ஃபான் வீட்டில் ஒரு மவுத்து. அவரோடு இருந்த மாமியார் ஆமினா பீவி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து வீட்டிலேயே கண்ணை மூடிவிட்டார். டாக்டர் பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அர்ஃபானின் மனைவிதான் போனில் அழுதாள். "ஷமீமா, உம்மா வாய் திறந்தபடி கிடக்கு. கட்ட யாருக்கும் கை வரல. எல்லாருக்கும் பயம். நீ வர்றியா?"

"போகாதே" என்றேன். "உன்னத் தூக்குக்கு அனுப்பப் பாத்த வீடு அது. அவங்களே கட்டிக்கட்டும்!"

"அந்த அம்மா என்னக்கா பண்ணாங்க?" என்றாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனாலும் கூடவே போனேன்.

கூடம் நிறைய ஆட்கள். நஸீஹாவும் ஒரு மூலையில் நின்றாள். பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க, நடுவில் அந்த அம்மாள் வாய் திறந்து கிடந்தார். ஷமீமா என் தோளிலிருந்த பருத்தித் துப்பட்டாவை எடுத்து அகலமாக மடித்தாள். கட்டப் போனவள் நின்றாள். வாசல் பக்கம் திரும்பினாள்.

"மச்சான், இங்க வாங்க."

அர்ஃபான் தயங்கித் தயங்கி வந்தார். அத்தர் வாசனை வந்தது.

"தலையப் பிடிங்க" என்றாள். பிடித்தார். ஷமீமா தாடையை மெதுவாகத் தூக்கி, துணியைச் சுற்றி, உச்சியில் முடிச்சுப் போட்டாள். பிறகு கூடத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"பாத்துக்குங்க மச்சான். நான்தான் கட்டுனேன். நீங்கதான் பிடிச்சீங்க. நாளைக்கு யாராவது கேட்டா இதையே சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தார்.

"கீழ பாக்காதீங்க" என்றாள் ஷமீமா. "அப்புறம் சுவருதான் தெரிஞ்சுச்சும்பீங்க."

மூலையில் நஸீஹா விம்மினாள். அர்ஃபான் இன்னும் அந்த அம்மாளின் தலையைப் பிடித்தபடியே இருந்தார். விடச் சொல்ல அந்தக் கூடத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.