கிடார் குமிழும் பாவாடை நாடாவும்

போன வருடம் ஜூலை மாதம், பெங்களூரு மர்பி டவுனில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில் நடந்தது இது. காலை பதினொரு மணி இருக்கும். வெளியே தூறல் விடவில்லை என்பதால் துவைத்த துணிகளை உள்ளறையில் கொடி கட்டி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஒன்றேகால் வயது மகள் கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எட்டிப் பார்த்தால், என் கணவரின் எலெக்ட்ரிக் கிடார் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருக்கிறாள்.

அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவில் வாசிப்பவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வைத்திருக்கும் கிடார். அதைத் துடைப்பதற்குக்கூட என்னை விடமாட்டார். அதில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும், ஒலியின் தன்மையை மாற்றவும் இரண்டு குமிழ்கள் உண்டு. கருப்பு பிளாஸ்டிக், தலையில் வெள்ளி நிறத்தில் சின்னத் தகடு. அன்று ஒன்றுதான் இருந்தது. மற்றது இருந்த இடத்தில் மொட்டையாக ஒரு தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் வாயைத் திறந்து பார்த்தேன். ஊறிப்போன பிஸ்கட்தான் இருந்தது. சோபாவுக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டில், திரைச்சீலை மடிப்பில் எல்லாம் தேடினேன். எங்கேயும் குமிழ் இல்லை. பிஸ்கட்டோடு சேர்த்து விழுங்கிவிட்டாளா?

தடுப்பூசி போடும் மருத்துவமனைக்கு ஃபோன் செய்தேன். டாக்டரம்மாவே பேசினார். மூச்சு விடச் சிரமப்படுகிறாளா, இருமுகிறாளா, எச்சில் ஒழுகுகிறதா என்று கேட்டார். எதுவும் இல்லை. சாப்பிட ஒன்றும் கொடுக்காமல் உடனே கூட்டி வரச் சொன்னார். அதே மாதிரி இன்னொன்று இருந்தால் கொண்டு வாருங்கள், எக்ஸ்ரேயில் ஒப்பிட்டுப் பார்க்கலாம், இல்லாவிட்டால் பரவாயில்லை என்றார். கடைசியில் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. ‘கொண்டு வாருங்கள்’ மட்டும்தான் நின்றது. சொன்னதைச் சொன்னபடி செய்தே பழகியவள் நான்.

கிடாரை மடியில் வைத்துக்கொண்டு மீதிக் குமிழை இழுத்தேன். அசையவில்லை. திருகினால் கொஞ்சம் சுற்றி, ஓரிடத்தில் முட்டி நின்றது. அதற்கு மேல் திருகினால் உள்ளே ஏதாவது உடையுமோ? இரண்டு டீஸ்பூன்களைக் கொண்டுவந்து, பளபளப்பான மரத்தில் கீறல் விழாமலிருக்க மகளின் நாப்கின் துணியை மடித்துக் கீழே வைத்து நெம்பினேன். ஸ்பூன்தான் வளைந்தது. இன்னும் அழுத்தினால் கிடாரில் பள்ளம் விழுமே என்று கை பின்வாங்கியது. குழந்தையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதோ தெரியாத நேரத்தில் மரத்தின் பளபளப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

இதற்கு நடுவில் கணவரின் எண்ணை இரண்டு முறை எடுத்து, இரண்டு முறையும் அழுத்தாமல் விட்டேன். அதற்கு முந்தைய மாதம் மகள் கட்டிலிலிருந்து விழுந்தபோது, “நீ பக்கத்துலதானே இருந்த?” என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அந்தக் கேள்வியை இன்னொரு முறை அவர் வாயால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மகளுக்குப் பசி. அவள் அழுத அழுகையில் கீழ் வீட்டு அக்கா மாடியேறி வந்துவிட்டார். ரவிக்கை தைப்பவர். கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

“இன்னாம்மா, கொழந்தைய அழவிட்டுட்டு கிடார் வாசிக்கிறியா?”

நான் உளறிக்கொட்டியதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். “வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டியா?”

“போட்டேன்க்கா.”

எப்படிப் பொய் வந்தது என்றே தெரியவில்லை.

அவர் குனிந்து குமிழைச் சுற்றிலும் பார்த்தார். “என் மிஷின் சக்கரத்துல பக்கத்துல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். அத்த லூஸ் பண்ணாம இழுத்தா உயிரே போனாலும் வராது. இதுல இருக்கா பாரு.” விரலால் தடவிப் பார்த்தேன். இல்லை. “அப்போ சும்மா அழுத்தி வெச்சதுதான். ஸ்பூன தூரப் போடு. சைடுல நெம்புனா உடையும், நேரா மேல தூக்கணும். கொடில காயுதே உன் பாவாடை, அதோட நாடாவ உருவு.”

உருவினேன். குமிழுக்கும் மரத்துக்கும் நடுவே நூலளவு இடைவெளிதான். அக்கா தன் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்துக் கொடுத்தார். அதன் முனையால் நாடாவைத் தள்ளித் தள்ளி அடியில் நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தேன்.

“வெடுக்குனு இழுக்காதே. கொஞ்சம் கொஞ்சமா... நேரா... அப்டித்தான்.”

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெல்லிய ‘ப்ளக்’ சத்தத்தோடு குமிழ் மேலே வந்து என் மடியில் விழுந்தது. மரத்தில் ஒரு கோடுகூட இல்லை. அதைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் பயம் இரட்டிப்பானது. இவ்வளவு பெரியதா உள்ளே போயிருக்கிறது?

அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டிய கல்யாண ரவிக்கையை அப்படியே விட்டுவிட்டு அக்கா என்னுடன் ஆட்டோவில் ஏறினார். வழியெல்லாம் மகளின் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆட்டோக்காரரிடம் “பைய, பைய” என்றேன். அடுத்த நொடியே “சீக்கிரம்ணா” என்றேன்.

எக்ஸ்ரே அறை சில்லென்று இருந்தது. மகளை மேசையில் படுக்கவைத்து, ஆடாமல் கைகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். என் முகத்தைப் பார்த்தபடியே கத்தினாள். அவள் வயிற்றுக்குப் பக்கத்தில் அந்தக் குமிழை வைத்தார்கள். சற்று நேரத்தில் டாக்டரம்மா திரையைக் காட்டினார். கொண்டுபோன குமிழின் தகடு சின்ன நாணயம் போலப் பளிச்சென்று தெரிந்தது. மகளின் உடம்புக்குள் அப்படி எதுவும் இல்லை. “அவள் விழுங்கவில்லை, பயப்படாதீர்கள்” என்று கன்னடத்தில் சொன்னவர், “அப்பாவுக்குச் சொல்லிவிட்டீர்களா? அவரும் பயந்திருப்பாரே” என்று கேட்டார்.

நடைபாதைக்கு வந்து எண்ணை அழுத்தினேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

“அது என் பேக்லதான் இருக்கு” என்றார். “காலைல பார்த்தேன், லூஸா ஆடிட்டு இருந்துச்சு. பாப்பா வாயில போட்டுக்குவான்னு கழட்டி எடுத்துட்டு வந்தேன். இன்னொண்ணையும் கழட்டப் பார்த்தேன், வரல. உன்கிட்ட சொன்னா நாள் பூரா அதையே நினைச்சுப் பயந்துட்டு இருப்பன்னுதான்...”

பிறகு மெதுவாகக் கேட்டார்: “அத எப்படி எடுத்த?”

“பாவாடை நாடாவால” என்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பக்கத்தில் நின்ற அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “போட்டேன்னியே, யாருக்கும்மா ஃபோன் போட்ட?” அவ்வளவுதான் கேட்டார். என் பதிலுக்குக் காத்திராமல், அழுது களைத்த மகளுக்குப் பால் ஆற்றிக் கொடுக்க கேன்டீன் பக்கம் நடந்துவிட்டார்.

இப்போது அந்த நாடா கிடார் பைக்குள்தான் இருக்கிறது. ஞாயிறு காலை அவர் இரண்டு குமிழ்களையும் மாட்டுவார். வீடு திரும்பியதும் நான்தான் கழற்றி, பரணில் உள்ள டப்பாவில் போட்டு மூடுவேன். அவர் அருகில் நின்று எண்ணிப் பார்ப்பார். என் பயம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. என்ன கேட்பாரோ என்ற தயக்கமும் போய்விடவில்லை. ஆனால் அந்தத் தயக்கத்துக்காக என் மகள் ஒருமுறை அந்தச் சில்லென்ற மேசையில் என் முகத்தைப் பார்த்துக் கத்தியது போதும் என்று, அவளுக்கு ஏதாவது என்றால் முதலில் அவர் எண்ணைத்தான் அழுத்துகிறேன்.