கேட்டில் தொங்கிய பலகை

போன வாரம் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மிக்சியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு நின்றேன். கடைக்காரர் ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டினார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் நான் அங்கே இல்லை. ஒரு காலத்தில் என் தலைமுடியெல்லாம் அந்த வாசனைதான். ரேடியோ ஃபேக்டரியில் எனக்கு ஈயம் வைக்கிற வேலை. கொஞ்சம் சாம்பிராணி மாதிரி இருக்கும் அது. "கோயிலுக்குப் போயிட்டு வர்றியா, வேலைக்குப் போயிட்டு வர்றியா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

ஆறாவதோடு நின்றவள் நான். ஆளைப் பார்த்துப் பேச வராது. முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால்தான் இதை எழுதவே துணிந்தேன். ஆனால் அப்போது படிப்பை யார் கேட்டார்கள்? ஆள் வேண்டுமென்றால் ஃபேக்டரி கேட்டில் ஒரு பலகை தொங்கும். நானும் என் தோழிகள் ரொக்கியாவும் ஆ ஹுவேயும் சேர்ந்தே போவோம், சேர்ந்தே நுழைவோம். உள்ளே எது கேட்டாலும் மூவருக்கும் ஆ ஹுவேதான் பதில் சொல்வாள். ஒருமுறை, அடுத்த ஃபேக்டரி கேன்டீனில் மீ கோரெங் நன்றாயிருக்கிறது என்று மூவரும் வேலை மாறினோம். சிரிக்காதீர்கள். வேலை அப்படிக் கிடந்தது.

அப்புறம் ஒரு வருஷம் ஆர்டர் நின்றது. எங்கோ வெள்ளைக்காரர் வீட்டில் புது ரேடியோ வேண்டாமென்று நினைத்தால் எங்கள் வீட்டில் மீன் நிற்கும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் லைனை மூடினார்கள். கப்பல் பட்டறையில் என் வீட்டுக்காரருக்கும் வேலை போயிற்று. கேட்டுக்கு வெளியே நாசி லெமாக் சோறு விற்ற மலாய்க்கார அம்மாவுக்கு வாங்க ஆளில்லை. அவரும் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். குவீன்ஸ்டவுனில் எங்கள் ப்ளாக் படிக்கட்டில் பட்டப்பகலில் ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

எடுத்தால் மூவரையும் எடுக்கட்டும், இல்லாவிட்டால் யாரும் வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டு கேட் கேட்டாக நடந்தோம். எங்கும் பலகை இல்லை. கடைசியில் ஒன்றில் தொங்கியது. காவலுக்கு நின்ற ஜாகா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஒருத்தர்தான்."

நான் திரும்பி நடந்தேன். ரொக்கியா கையைப் பிடித்து இழுத்தாள். எங்களுக்குள் பேச்சு சந்தை மலாய்தான், இங்கே தமிழில் சொல்கிறேன்.

"எங்கடி போறே? எங்க வீடுகள்ல ஒரு சம்பளமாவது வருது. உன் வீட்டுல?"

"நீ வந்து பேசு," என்றேன் ஆ ஹுவேயிடம்.

"நான் பேசுனா வேலைய எனக்குல்ல குடுப்பான்! போ லா!" முதுகில் ஒரு தள்ளு.

உள்ளே சூப்பர்வைசர் ஏதோ ஆங்கிலத்தில் கேட்டார். மேசையில் ஒரு ரேடியோ திறந்து கிடந்தது, ஒரு ஒயர் விட்டுப்போய். பக்கத்திலிருந்த சோல்டரிங் அயனை எடுத்து ஒட்டிவிட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நாளைக்கு வா என்றார். அப்போதுதான், நானாகப் பேசிய முதல் ஆங்கிலம் வந்தது.

"சார், டூ ஃப்ரெண்ட். சேம் குட்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் இடமில்லை.

சில மாதம் கழித்து ஆர்டர் திரும்பியது. பலகை மாட்டுவதற்கு முன்பே, உள்ளே இருந்த எனக்குத் தெரிந்துவிட்டது. நேரே போய் நின்றேன். "சார், டூ ஃப்ரெண்ட்." அந்த வாரமே ரொக்கியா என் பக்கத்து நாற்காலியில். ஆ ஹுவே வரவில்லை. பசார் மாலாம் என்கிற ராத்திரிச் சந்தையில் துணி விற்கத் தொடங்கியிருந்தாள். "இப்ப நான் பாஸ் லா. உங்க ரெண்டு பேருக்கும் வேல வேணுமா?" என்றாள்.

ஃபேக்டரி பிறகு சம்பளம் குறைந்த நாட்டுக்குப் போனது. அது இருந்த இடத்தில் இப்போது காண்டோ அடுக்குமாடி. நான் பொங்கோலில் இருக்கிறேன். எதிர்வீட்டு தேவி பட்டம் வாங்கியவள். ஆபிசில் ஆள் குறைத்தபோது அவளுக்கும் வேலை போய்விட்டது. வாசலில் உட்கார்ந்து போனிலேயே வேலை தேடுகிறாள், தனியாக. பொறுக்காமல் நேற்று கேட்டுவிட்டேன்.

"நான் வேணும்னா கூட வரவாம்மா?"

அவள் சிரித்தாள். "எங்க ஆன்ட்டி வருவீங்க? போய் நிக்க ஒரு வாசலே இல்லயே. எல்லாம் ஆன்லைன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.