கன்கஷனுக்கு வந்த கூட்டம்

சமையலறையில் கீழே விழுந்த பாத்திர மூடியை எடுக்கக் குனிந்தேன். நிமிரும்போது, நானே திறந்து வைத்திருந்த அலமாரிக் கதவின் முனை உச்சந்தலையில் இடித்தது. அதற்கப்புறம் எனக்கு நினைவிருப்பது ஆஸ்பத்திரிக் கட்டில்தான். ஸ்கேனெல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் கன்கஷன் என்றார்.

நான் இங்கிலீஷ் டீச்சர். குலுக்குவதைச் சொல்லும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த வார்த்தை அது என்று பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். தமிழில் மூளை அதிர்ச்சி என்று எழுதுகிறார்கள். படித்தால் யாரோ செத்த சேதி கேட்டு மூளை அதிர்ந்துபோனது போல இருக்கிறது. டாக்டர் எளிமையாகத்தான் சொன்னார். மண்டை உடையவில்லை, ரத்தம் கசியவில்லை, உள்ளே மூளை ஒரு குலுக்கு குலுங்கிவிட்டது, அது ஸ்கேனில் தெரியாது. கொஞ்ச நாள் வெளிச்சம், சத்தம், போன், புத்தகம் எதுவும் வேண்டாம். ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்தப் ‘பெரும்பாலும்’தான் என்னைத் தின்றது. எதைப் படிக்க எடுத்தாலும் வரிகள் நெளிந்தன. இந்தத் தலை பழையபடி ஆகாவிட்டால் நான் எதை வைத்துப் பாடம் நடத்துவேன்? பயந்துதான் போயிருந்தேன்.

திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் எனக்காக ஜெபிக்கச் சொன்னாராம். எங்கள் மைசூர்த் தமிழ்ச் சபையில் ஒருவருக்காக ஜெபித்துவிட்டு நேரில் போய்ப் பார்க்காமல் இருந்தால் அது மரியாதைக் கேடு. அன்றைக்கே வீடு சந்தையாகிவிட்டது.

வருகிறவர்கள் முதலில் டியூப்லைட்டைப் போடுவார்கள். அப்புறம் என் முகத்துக்கு நேரே குனிந்து, “டீச்சர், என்னைத் தெரியுதா?” என்பார்கள்.

தெரியாமல் என்ன? பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று வாராவாரம் சுருதி தப்புகிறவள். “தெரியுது. லைட்டை அணைங்க” என்றேன். அவள் அணைக்காமல் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, “பரவால்லயே, ஞாபகம் இருக்கு” என்றாள்.

எங்கள் பள்ளி பி.டி. மாஸ்டரும் வந்தார். “ஸ்கேன்லதான் ஒண்ணுமில்லையே, அப்புறம் என்ன கன்கஷன்? சும்னே லீவுன்னு நெனச்சுத் தூங்குங்க டீச்சர்” என்றார். சும்மா என்பது மைசூர் வாயில் சும்னே ஆகிவிடும். எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா அதற்கு நேர்மாறு. “தலெகெ ஏட்டு பித்தந்தெ”, தலையில் அடி விழுந்துவிட்டதாமே, என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எதுவும் விளங்காது என்பது போல ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினார். பாதிப் பேர் கணக்கில் எனக்கு ஒன்றுமே இல்லை. மீதிப் பேருக்கு நான் முடிந்தே போனேன். எழுந்து ஓடலாமென்றால் சுவர் சுற்றியது. அவர்களிடம் மாட்டிக்கொண்டு அப்படியே கிடந்தேன்.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ரிட்டயரானவர். யார் வந்தாலும் உள்ளே கூட்டிவந்துவிட்டுக் கதவோரம் கைகட்டி நிற்பார். ஒருத்தரையும் தடுத்ததில்லை. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் சபையின் மகளிர் ஐக்கியத்தார் டாம்பரினோடு வந்து பாட்டுப் பாடி ஜெபித்துவிட்டுப் போனார்கள். தலைக்குள் யாரோ அம்மி கொத்தினார்கள். அவர்கள் கேட்டைத் தாண்டியதும் நான் ஆரம்பித்துவிட்டேன்.

“ஏங்க, வாயில என்ன கொழுக்கட்டையா? டாக்டர் சொன்னது உங்க காதுலயும் விழுந்துச்சுதானே? வாசல்லயே சொல்லி அனுப்பினா என்ன?”

அவர் லைட்டை அணைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“வர்றவங்க எல்லாம் தெரியுதான்னு கேக்கறாங்க இல்ல. நீ சரியாச் சொல்றியான்னு பாக்கத்தான் உள்ள விடறேன்.”

“அதுக்கு ஊரைக் கூட்டணுமா? நீங்களே கேக்கறது.”

அவர் என் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, “அன்னிக்கு ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போறப்ப உன் கையப் பிடிச்சேன். வெடுக்குனு இழுத்துக்கிட்டு, நீங்க யாருன்னு கேட்ட” என்றார்.

எவ்வளவு தேடினாலும் அந்த நினைவு என்னிடம் இல்லை. அவரிடம் மட்டும் இருந்தது. இத்தனை நாளும் அதை வைத்துக்கொண்டுதான் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார்.

இருட்டில் துழாவி அவர் கையைப் பிடித்தேன். “இப்பக் கேளுங்க, தெரியுதான்னு” என்றேன்.

அவர் கேட்கவில்லை, கையை விடவும் இல்லை.