கால்வாய்க் கரை வழி

மாநகராட்சியில் சைக்கிள் வழித் திட்டத்தைப் புதுப்பிக்க ஊர்க்காரர்களை வைத்து ஓர் ஆலோசனைக் குழு போட்டார்கள். ஒரு பெண்ணாவது இருக்கட்டுமே என்று, பள்ளி ஆசிரியையான என்னையும் சேர்த்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டைப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக சைக்கிளில் போவார்கள். பஸ்ஸும் லாரியும் அதே ரோட்டில்தான்.

முதல் கூட்டத்திலேயே ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் வழி சொல்லிவிட்டார். காலையில் ரோட்டில் சைக்கிளுக்குத் தடை. எல்லா சைக்கிளும் பாளையங்கால்வாய்க் கரை வழியாகப் போகட்டும். மர நிழல் உண்டு, லாரிப் பயம் இல்லை. மாநகராட்சி இன்ஜினியர் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. காபி வந்தது.

எனக்குப் பகீரென்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிவிட்டு, பாளையங்கோட்டையில் பதினொன்றாம் வகுப்பு சேரக் காத்திருந்தாள். ஜவுளிக்கடை வைத்திருந்த அவள் வாப்பா, எந்த வழியாக அனுப்புவது என்று பேச்சு வந்தபோது, என்னிடமே கறாராகச் சொல்லியிருந்தார்.

“ரோட்டு வழியா நாலு பிள்ளையளோட போறதுன்னா போட்டும் டீச்சர். கால்வாய்க் கரைன்னா, படிச்சது போதும்.”

காரணம் ஊருக்கே தெரியும். காலையில் அந்தக் கரை ஆண்களுடையது. வீட்டில் குழாய் இருக்கிறவர்களும் துண்டைக் கட்டிக்கொண்டு குளிக்க அங்கேதான் போய் விழுவார்கள். அந்த நேரத்தில் பெண் பிள்ளை எவளும் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டாள். இது தெரியாத ஆள் குழுவில் இல்லை. வரைபடத்தைப் பார்க்கும்போது மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

நான் எழுந்து சொன்னேன். தாசில்தார் சிரித்தார்.

“அதுக்கென்ன டீச்சர், பொம்பளப் பிள்ளையள் தலையக் குனிஞ்சுகிட்டுப் போட்டும்.”

“தலையக் குனிஞ்சா சைக்கிள் தண்ணிக்குள்ள போவும், அண்ணாச்சி. குளிக்கிற நேரத்த மாத்தினா என்ன?”

அவ்வளவுதான். “நல்லாருக்கே கதை!” என்று ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தார்கள். சொத்தை எழுதித் தரக் கேட்டிருந்தால்கூட அத்தனை கோபம் வந்திருக்காது. எனக்கும் வந்தது. ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கும் என்கிறேன், இவர்கள் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே! பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் எல்லாரும் நேரில் வந்து பாருங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். கடைசியில் இன்ஜினியர் சரியென்றார்.

“காலைல எனக்குச் சோலி இருக்கு. நீங்க பாத்துட்டு வாங்க” என்றார் தாசில்தார்.

மறுநாள் காலை ஜீப்பில் போனோம். கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்திருந்த நேரம். கால்வாய் நிறைய ஓடியது. படித்துறைக்கு எதிரே ஜீப்பை நிறுத்தி நாங்கள் இறங்கினோம். சோப்பு நுரையோடு படியில் நின்றவர்கள் என்னைக் கண்டதும் தபதபவென்று தண்ணீருக்குள் இறங்கினார்கள். கழுத்துவரை மூழ்கிய தலைகளில் ஒன்று தாசில்தார். சோலி அதுதான். அவருக்குப் பக்கத்துத் தலை, பிள்ளையின் வாப்பா.

இன்ஜினியர், “குளிங்க, குளிங்க” என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி ஜீப்பைப் பார்த்து நின்றேன். அந்த மனிதர் தன் மகளை ஏன் அந்த வழி விடவில்லை என்பது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. தன் குளியலை விடுவதைவிட மகள் படிப்பை விடுவது அவருக்குச் சுளுவாக இருந்திருக்கிறது. சிரிப்பு போய்விட்டது.

அடுத்த கூட்டத்தில் தாசில்தாரே முதலில் எழுந்தார்.

“கரை வழி சரிப்படாது. மண்ணு இளகலாக் கிடக்கு. ரோட்டோரமாவே சைக்கிளுக்கு வெள்ளைக்கோடு போட்டுருவோம்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். மண் இளகல் என்றே தீர்மானத்தில் எழுதினார்கள். குளியலைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் கையெழுத்துப் போட்டேன்.

பள்ளி திறந்த அன்று, வெள்ளைத் தாவணியோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள் அந்தப் பிள்ளை. தீர்மானத்தில் எழுதிய காரணம் அவள் காதுக்கும் போயிருந்தது.

“மண்ணு இளகலா டீச்சர்? சின்னதுல சாயங்காலம் நான் அங்கனதான சைக்கிள் படிச்சேன். விழுந்து முட்டி பேந்த தரையில்லா அது!”

“இளகல்தான்ட்டி” என்றேன். “நீ ரோட்டோட போ.”