ஹெட்ஜ்ரோவும் ஓரடி நிலமும்

லண்டன் வால்தம்ஸ்டோவில் நாங்கள் வீடு வாங்கிய முதல் கோடையில், பக்கத்து வீட்டு பிராங்க் இரண்டு வீட்டுக்கும் நடுவே நின்ற செடிவேலியை வெட்டினார். தன் பக்கத்தை முடித்துவிட்டு, கேட்காமலே எங்கள் பக்கமும் வந்து வெட்டி, விழுந்த இலைகளையும் கூட்டி அள்ளிக்கொண்டு போனார். யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு இதைவிடக் கலக்கம் தரும் காட்சி இல்லை. அன்றே டேப் எடுத்து அளந்து டயரியில் குறித்தேன்.

"இஞ்சருங்கோ, அந்த மனுசன் உங்கட வேலையையும் சேர்த்துச் செய்யுது. ஒரு தேத்தண்ணி குடுக்காமல் அளந்துகொண்டு நிக்கிறியள்," என்றாள் மனைவி.

"இண்டைக்கு இலை, நாளைக்குக் காணி. உனக்கு விளங்காது."

ஊரில் வேலி அடைக்கும் நாளில் இரு பக்கத்தாரும் வந்து நிற்பார்கள். உதவிக்கு அல்ல, வேலிக்கு நட்ட கதியால் நகராமல் பார்க்க. நானும் என் சொந்த அண்ணையும் ஓரடிக்காகப் பதினொரு வருடம் வழக்காடினோம். தன் கிணற்றுக்கட்டிலிருந்து வேலிவரை நாற்பத்திரண்டு அடி என்றார் அவர். நாற்பத்தொன்று என்றேன் நான். தீர்ப்பு எனக்கு. பேச்சு அத்துடன் நின்றது.

இங்குள்ள வேலிச் சட்டம் தேடி நூலகத்துக்குப் போனேன். சட்டம் புரியவில்லை, அகராதி புரிந்தது. வயல்களைப் பிரிக்கும் செடிவேலிக்கு ஹெட்ஜ்ரோ என்று பெயர். வேலி, வரிசை என்று பொருள்படும் இரண்டு பழஞ்சொற்கள், ஆங்கிலம் இன்றைய ஆங்கிலமாவதற்கு முன்பே ஒட்டிக்கொண்டவை. பிற்காலத்தில் பெரிய காணிக்காரர்கள் பொது நிலத்தைச் சுற்றி இப்படி வேலி நட்டுத் தமதாக்கிக்கொண்டார்களாம். கதியால் நகர்த்துவது எங்கள் கண்டுபிடிப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

எல்லை சரியாக எங்கே என்று பிராங்கிடம் கேட்டேன். "ஹெட்ஜுக்குள்ளே எங்காவது இருக்கும்," என்று சிரித்தார்.

அந்த மாரியில் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. அண்ணை. யுத்தத்தில் ஊரில் எங்கள் பகுதி தரைமட்டம். உள்ளே போக எவருக்கும் அனுமதி இல்லை.

"தம்பி, மகளுக்குச் சீதனம் எழுதவேணும். காணி உறுதிப் பத்திரம் எரிஞ்சுபோச்சு. நீதான் எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆள். வேலி எத்தினை அடியில நிண்டது?"

போய்ப் பார்க்கவே முடியாத காணியைச் சீதனமாக எழுத எங்கள் ஆட்களால்தான் முடியும். பதினொரு வருடம் வழக்காடியவருக்கு அந்த எண் மறந்திருக்காது. ஆனாலும் பழைய டயரியைத் திறந்தேன். நாற்பத்தொன்று, கீழே இரண்டு கோடு.

"நாற்பத்திரண்டு, அண்ணை."

"வடிவாப் பார்த்துச் சொல்லடா," என்றார்.

"பார்த்துத்தான் சொல்லுறன்."

எங்கள் இருவராலும் கால் வைக்க முடியாத மண்ணில், லண்டன் வீட்டு நடையில் நின்றபடியே, கதியாலைப் பிடுங்கி ஓரடி என் பக்கமாக நட்டேன்.