மலரக்காவுக்கு ஒரு சில்லுப் பை

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு எங்கள் வாசல் குழாயடியில் நின்று கால் கழுவிக்கொண்டிருப்பார் மலரக்கா. கட்டைபறிச்சானில் முதல் பஸ் பிடித்து, மூதூரில் மாறி, திருகோணமலை வரைக்கும் நின்றபடியே வந்து சேர்ந்த கால்கள். பக்கத்தில் நான்கு சொப்பிங் பைகள். ஒன்றில் ஐந்து நாளைக்கு உடுப்பு, ஒன்றில் முருங்கையிலை, ஒன்றில் தயிர்ச்சட்டி, நாலாவதில் மடித்து வைத்த வேறு சொப்பிங் பைகள். அவர் போடும் முடிச்சை வேறு யாராலும் அவிழ்க்க முடியாது. நான் ஒருமுறை கத்தரிக்கோல் எடுத்ததற்கு அன்று முழுக்க முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கால், முகம், பிடரி எல்லாம் கழுவித் துடைத்த பிறகுதான் பிள்ளையைத் தூக்குவார். "பஸ்ஸில நூறு பேர்ட வேர்வை மகள். அதோட குழந்தையத் தொட ஏலாது." அதற்குள் என் மூன்று வயது மகன் அஸ்ஹான் கேற்றைப் பிடித்துக்கொண்டு குதிப்பான். எனக்காக அவன் ஒருநாளும் அப்படிக் குதித்ததில்லை.

அடையாள அட்டையில் அவர் பெயர் இராசமலர். வயது ஐம்பத்தேழு. வெள்ளி பின்னேரம் வரை உள்துறைமுக வீதியிலுள்ள எங்கள் வீட்டில் தங்கிப் பிள்ளையைப் பார்க்கிறார். என் கணவர் முனீப் கட்டாரில். நான் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை. கப்பல் எங்களைக் கேட்டுக்கொண்டா வருகிறது? அது வந்த நேரம்தான் எனக்கு வேலை நேரம். இரண்டரை வருடமாக இந்த வீடு நிற்பது மலரக்காவால்தான். மரியாதைக்காகச் சொல்லவில்லை. காய்ச்சல் என்று அவர் வராத இரண்டு நாளில், சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுக் குசினிச் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிப்போனவள் நான். பானை கரிந்த மணத்தில்தான் கண் விழித்தேன்.

துறைமுகத்தில் கப்பல் ஊதினால் யன்னலடிக்குப் போய், "சத்தம் போடாத, பிள்ளை படுக்குது!" என்று கப்பலை ஏசுவார். ஊதல் நின்றால், தான் ஏசியதால்தான் நின்றது என்று நம்புகிற ஒரு முகம். நெற்றியில் திருநீறு, கையில் சோற்றுக் கோப்பை, "பிஸ்மில்லா சொல்லிப்போட்டு வாயத் திற ராசா" என்று என் மகனிடம் கண்டிப்பு. சொல்லாமல் ஒரு பிடி உள்ளே போகாது. என் மாமிக்கு முதலில் இது பெரிய அதிசயம். பிறகு, "எங்கட ஆக்களுக்கே இந்தக் கவனமில்லையே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்தக் குத்து எனக்குத்தான் என்று விளங்காமலா இருக்கும்!

பகலில் மலரக்கா உட்கார்ந்து நான் கண்டதில்லை. கதிரையைக் காட்டினால், "இருந்தாக் களைப்புத் தெரிஞ்சிடும், சும்மா விடுங்கோ" என்பார். முழங்கால் வீங்கியிருக்கும். என் கண்ணில் படாமல் சட்டையை இழுத்து மறைப்பார். நானும் படாத மாதிரி இருப்பேன். இப்படித்தான் இரண்டு களைத்த பெண்கள் ஒரு வீட்டில் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம்.

போனைக் காதில் வைக்கும் பழக்கம் அவருக்கில்லை. வாய்க்கு முன்னால் நீட்டிப் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டு, வீதிக்கே கேட்கக் கதைப்பார். அதனால்தான் அந்தக் கதை என் காதில் விழுந்தது. குவைத்தில் ஒன்பது வருடம் மூன்று வீடுகளில் பிள்ளை பார்த்தவர் மலரக்கா. அந்தக் காலத்தில் அவருடைய ஒரே மகள் கீர்த்தனி சித்தி வீட்டில் வளர்ந்தாள். இப்போது அவளுக்கு வயிற்றில் எட்டு மாதம்.

"என்னைத்தான் நீங்கள் வளக்கேல்ல அம்மா. என்ர பிள்ளையையாவது வந்து பாருங்கோவன்."

"பொறு பிள்ளை. இஞ்ச எப்பிடிக் கேக்கிறதெண்டு தெரியாமக் கிடக்கு. அந்தப் பிள்ளையும் தனியத்தானே கிடந்து அல்லாடுது."

அந்தப் பிள்ளை என்றது என்னை. நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மகளின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தது. ஆனாலும் அல்லாஹ்வே, இந்த மனுஷி போகக்கூடாது என்றுதான் மனம் கேட்டது. வெளியே வந்து ஒன்றும் தெரியாதவள் போல, "தேத்தண்ணி குடிப்பமா அக்கா?" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு கிழமை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறந்தநாள் யோசனை வந்தது அப்போதுதான். கிராம சேவகருக்குக் கொடுக்க எடுத்த அவருடைய அடையாள அட்டைப் பிரதி ஒன்று அலுமாரியில் கிடந்தது. வருகிற புதன்கிழமை மலரக்காவுக்குப் பிறந்தநாள், அன்று பௌர்ணமிப் போயா விடுமுறையும்கூட. நல்லதாக ஒன்றைக் கொடுத்துவிட்டால், "போகிறேன்" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. லஞ்சம்தான். வேறு பெயர் சொல்லி என்னையே ஏமாற்ற விரும்பவில்லை.

என்ன வாங்குவது? சேலை வேண்டாம். போன பெருநாளைக்கு நான் கொடுத்த சேலை மகளின் சீமந்தப் படத்தில் மகளின் உடம்பில் இருந்தது. செருப்பு வேண்டாம், செருப்பைப் பரிசாகக் கொடுக்க எனக்குக் கூசியது. முழங்காலுக்கு எண்ணெய் கொடுத்தால், இன்னும் வேலை செய் என்று சொன்ன மாதிரி இருக்கும். அலுவலகம் விட்டு மத்திய வீதியில் ஒரு கடைக்குள் ஏறினேன். கைப்பை பார்க்கலாம் என்று ஒரு எண்ணம்.

"ஆருக்கு மிஸ்? உம்மாவுக்கா?" என்றாள் கடைப்பெண்.

"பிள்ளை பாக்கிற அக்காவுக்கு."

"ஆ, அப்ப கீழ்த்தட்டுல இரிக்கிறதப் பாருங்க."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "ஏன், மேல்தட்டுல இரிக்கிறத அவங்க பிடிச்சா உடைஞ்சிடுமா?" என்று கேட்டேன். பாவம், அவள் திகைத்துப்போனாள். அவள் சொல்வதற்கு முன்பே என் கண் கீழ்த்தட்டில் விலைச்சீட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த வெட்கத்தை அவள் தலையில் கொட்டிவிட்டேன்.

மேல்தட்டில்தான் அது நின்றது. கடும் நீல நிறத்தில், உருட்டி இழுக்கச் சில்லு வைத்த ஒரு பயணப் பை. இழுத்துப் பார்த்தேன், சத்தமில்லாமல் வந்தது. நான்கு சொப்பிங் பைகளும் இதற்குள் அடங்கும். பஸ் தரிப்பிடத்திலிருந்து தூக்கத் தேவையில்லை. ஒவ்வொரு திங்களும் இதை இழுத்துக்கொண்டு மலரக்கா என் கேற்றடிக்கு வருவதை மனதில் பார்த்தேன். இதைவிட என்ன வேண்டும்? பேரம் பேசாமல் வாங்கினேன். இரண்டு கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

போயா அன்று பகல் சாப்பாடு முடிந்ததும் பையை உருட்டிக்கொண்டு வந்து மலரக்காவின் முன்னால் நிறுத்தினேன். "பிறந்தநாள் வாழ்த்து அக்கா. புதுசு. உங்களுக்குத்தான்." அஸ்ஹான் கை தட்டினான்.

மலரக்கா பையைப் பார்த்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். பிறகு, நான் காட்டியும் ஒருநாளும் இருக்காத அந்தக் கதிரையில் மெல்ல இருந்தார். கண் கலங்கிவிட்டது.

"அப்ப உங்களுக்குத் தெரியும் என்ன மகள்?"

"என்ன அக்கா?"

"கீர்த்தனியின்ர விசயம். எப்பிடிக் கேக்கிறதெண்டு ரெண்டு கிழமையா எனக்கு நித்திரையில்ல. குவைத்திலயும் இப்பிடித்தான் மகள். மூண்டு வீட்டிலயும் போகச் சொல்லி வாயால சொல்லேல்ல. புதுப் பையொண்டக் கொண்டுவந்து கட்டிலடியில வைப்பினம். அப்ப விளங்கிடும், ஊருக்குப் போகலாமெண்டு. நீங்களும் என்னக் கேக்க விடாம, நீங்களாவே..." என் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் வாய்வரைக்கும் வந்தது. ஐயோ அக்கா, இது போறதுக்கு இல்ல, வாறதுக்கு வாங்கினது என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வசனம். அதைச் சொன்னால் அவர் நின்றிருப்பார். நிச்சயம் நின்றிருப்பார், கீர்த்தனி தனியாகப் பெற்றிருப்பாள். கதிரையில் இருந்த மலரக்காவின் முழங்கால் இரண்டும் வெளியே தெரிந்தன. இந்தமுறை அவர் மறைக்கவில்லை.

"ஓம் அக்கா. போய் மகளப் பாருங்க" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"மாசம் முடியுமட்டும் நிப்பன். இவனப் பாக்கத் தோப்பூரில ஒரு பிள்ளை இருக்கு, நல்ல பிள்ளை, கேட்டுப் பாக்கிறன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பையைச் சுவரோரமாக உருட்டி வைத்தார். "வாங்கோ, இவன் படுக்கிற நேரம். இண்டைக்கு நீங்கள் படுக்கப் போடுங்கோ."

"என்னட்டப் படுக்க மாட்டான் அக்கா."

"படுப்பான். வாங்கோ."

அஸ்ஹான் பாயில் குப்புறக் கிடந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். நான் அவனுடைய முதுகில் தட்டினேன். சிணுங்கினான். மலரக்கா எனக்குப் பக்கத்தில் கஷ்டப்பட்டுக் குந்தி, என் கைக்கு மேல் தன் கையை வைத்தார். முருங்கையிலை மணத்த, சொரசொரத்த கை. மூன்று முறை மெல்லத் தட்டி, ஒருமுறை தடவி, திரும்பவும் மூன்று. என் கை அவருடைய கைக்குள் இருந்தபடியே போய் வந்தது. பிள்ளையின் கண் சொருகியது. மூச்சு நீண்டது. மலரக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தட்டு நிற்காதபடிக்கு, தன் கையை மட்டும் மெல்ல எடுத்துக்கொண்டார்.